சறுக்குக் கட்டையையும் ஏற்றுங்கள்

காட்டுக்குள் கேட்பாரற்றுக் கிடந்த 'டாங்கி என்ஜின்' எனப்படும், வெட்டிய மரத்தை இழுக்கும் நீராவி இயந்திரம் ஒன்றை உள்ளூர் அருங்காட்சியகம் வாங்கியிருந்தது. அதை வெளியே எடுக்கும் வேலையைப் பார்க்கத்தான் வட கலிபோர்னியாவின் ஹம்போல்ட் பகுதிக்குப் போனேன்.

நிமிர்ந்த பாய்லர், ஒற்றைச் சிலிண்டர், வடம் சுற்றும் உருளை. யுரேகா நகரில் மரத்தொழில் நடத்திய ஜான் டால்பீர் 1881இல் உருவாக்கி, அடுத்த ஆண்டு காப்புரிமை வாங்கிய நீராவி இயந்திரத்தின் வழியில் வந்தது இது. அதற்கு முன் ரெட்வுட் மரங்களைக் காட்டிலிருந்து காளைகள்தாம் இழுத்து வந்தன. என்ஜின் வந்த பிறகும் விலங்குக்கு வேலை இருந்தது: மரத்தை இழுத்து முடித்த வடத்தை மறுபடி காட்டுக்குள் கொண்டுபோக ஒரு குதிரை. மரம் கட்டும் இடம் என்ஜின்காரர் கண்ணுக்குத் தெரியாது; இழு, நிறுத்து என்று விசிலடித்துச் சொல்ல ஒரு பையன். அவன் பிசகினால் வடத்தருகே நிற்பவர் உயிர் போகும்.

என்னை அசத்தியது அடியில் இருந்த சறுக்குதான். இரண்டு பெருமரங்களைச் செதுக்கி, குறுக்குக் கட்டை பூட்டி, அதன்மேல்தான் என்ஜினை உட்காரவைத்திருக்கிறார்கள். இடம் மாற வேண்டுமென்றால் தூரத்து அடிமரம் ஒன்றில் வடத்தைக் கட்டுவார்கள்; என்ஜின் வடத்தைச் சுருட்டிச் சுருட்டித் தன்னைத்தானே மலைமேல் இழுத்துக்கொள்ளும்.

அந்தச் சறுக்கு இப்போது பாதி உளுத்துவிட்டது. இரும்பை மட்டும் கழற்றிக் கிரேனில் தூக்கினால் சீக்கிரம் முடியும் என்றார் டிரெய்லர்காரர். மரம் வெட்டி ஓய்வுபெற்ற தொண்டர் ஒருவர் ஒப்பவில்லை. "கட்டையை விட்டுட்டுப் போனா இது வெறும் பாய்லர்" என்றார். அவர் சொன்னதே சரி. பல இடங்களில் இரும்பைக் காப்பாற்றி மரத்தை மண்ணுக்கு விட்டுவிடுகிறார்கள். என்ஜின் நகர்ந்த விதமே பார்ப்பவருக்குத் தெரியாமல் போகிறது.

ஆகவே வேலை மெதுவாக நடந்தது. ஜாக்கியால் ஒரு விரற்கடை தூக்குவார்கள். உடனே அடியில் கட்டை அடுக்கி ஆப்பு வைப்பார்கள். பிறகு எதிர்ப்பக்க ஜாக்கி. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கையை உள்ளே நீட்டவில்லை. இடைவெளி போதுமானதும் இரும்பு உத்தரங்களைச் செருகினார்கள். தாழ்ந்த டிரெய்லரின்மேல் வின்ச் வடம் இழுக்க, கூட்டத்தில் ஒருவர் மட்டும் கைச்சாடை காட்டினார். மற்றவர்கள் பேசவே இல்லை.

இந்த இயந்திரங்களும் பின்னால் வந்த டிராக்டர்களும் தின்றது போக, பழைய ரெட்வுட் காட்டில் ஏறத்தாழ 5 விழுக்காடுதான் மிஞ்சியிருக்கிறது. காட்சிப் பலகையில் அதையும் எழுத வேண்டும் என்று அருங்காட்சியகப் பொறுப்பாளரிடம் வற்புறுத்தினேன். எழுதத்தான் போகிறோம் என்றார்.

பாய்லர் தகட்டின் கனத்தை அளந்த பிறகே நெருப்பு மூட்டுவதா என்று முடிவெடுப்பார்களாம். சறுக்குக்குப் புது மரம் செதுக்குவார்கள். உளுத்த பழைய கட்டைகளைப் பக்கத்திலேயே கூரை போட்டு வைப்பார்கள்.