விதை யார் வீட்டுச் சோறு?

'நம் முன்னோர் உண்ட தானியம்' என்று பொட்டலத்தின்மேல் அச்சடித்திருந்தது. உள்ளே கசகசா அளவில் வெளிர்மஞ்சள் மணிகள்: ராஜகீரை விதை, கடைக்காரர் பேச்சில் அமராந்த். கோதுமை கூடாதென்று மருத்துவர் சொல்லிவிட்ட என் அக்கா மகளுக்காகச் சிரம்பானில் வாங்கியது. கோதுமையிலுள்ள குளூட்டன் இல்லாத விதை, அதில் எனக்கு ஐயமில்லை. 'நம் முன்னோர்' என்பதுதான் இடித்தது. எங்கள் முன்னோர் மலேசியாவின் நெகிரி செம்பிலானில் ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள். லயத்து வீட்டுக்குப் பின்னால் கீரைப் பாத்தி போட்டார்கள், சரி. கீரை விதையைப் பொங்கித் தின்றதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

விசாரிக்கப் போனேன். ரந்தாவ், சிலியாவ் பக்கம் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பழைய ஆட்கள் பலர் தாமான் வீடுகளில் இருக்கிறார்கள். தொண்ணூறை நெருங்கும் ஒரு பாட்டி விதையை உள்ளங்கையில் கொட்டித் தேய்த்துப் பார்த்தார்.

"இது நம்ம கீர வெத இல்லய்யா. நம்மளது கருப்பா மினுமினுன்னு இருக்கும். அத யாரு திம்பா? ஒரு செடிய முத்தவுட்டு உலுக்கி வச்சா அடுத்த பாத்திக்கு ஆச்சு."

சப்பான்காரன் ஆண்ட காலத்தில்கூடவா என்றேன்.

"அப்ப மரவள்ளிதான். காலையில கெழங்கு, ராத்திரியும் கெழங்கு. கீரையில எலயத் தின்னோம், தண்டத் தின்னோம். வெதயத் தின்னுட்டா எதய வெதைக்கிறது?"

விஷயத்தின் முடிச்சே அந்தக் கருப்பில்தான் இருந்தது. காட்டு வகைகளுக்கும் இலைக்காக வளர்க்கும் வகைகளுக்கும் பெரும்பாலும் கருவிதை. தானியத்துக்காக மனிதர் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்ததுதான் வெளிர்விதை. இந்த வரலாற்றை 1950-இல் விரிவாக எழுதிய ஜொனாதன் சாவர், தானிய வகைகளின் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம்தான் என்று நிறுவினார். மெக்சிகோவில் ஆஸ்டெக் அரசுக்கு மக்கள் இதை வரியாகவே அளந்தார்கள். அந்த மாவைப் பிசைந்து தெய்வ உருவம் செய்து, விழாவில் பிட்டு உண்டார்கள். ஸ்பானியப் பாதிரிகளுக்கு அந்தச் சடங்கு பொறுக்கவில்லை, பயிரும் ஒடுங்கியது. பொரியைத் தேனில் உருட்டிய இனிப்பு மட்டும் இன்றும் அங்கே தெருவில் விற்கிறது. வட இந்தியாவில் விரத நாளில் தின்னும் ராஜ்கிரா லட்டுக்கு அது நெருங்கிய சொந்தம்.

ஆசியாவுக்கு இந்தத் தானியம் வந்தது கொலம்பஸுக்குப் பிறகு என்பதே பெரும்பாலோர் கருத்து. வந்து குடியேறியது மலைகளில்: இமயச் சரிவுகள், தெற்கே நீலகிரி. படகர்கள் இதைத் தானியமாகவே விளைவித்தார்கள். ஆக, தமிழ்நாட்டில் இதை உண்ட முன்னோர் உண்டு. ஆனால் எங்கள் முன்னோர் அவர்கள் இல்லை. 1910 வரை ஒப்பந்தச் சஞ்சிக்கூலியாகவும், 1938-இல் இந்திய அரசு தடுக்கும்வரை ஆள் திரட்டும் கங்காணி வழியாகவும் இங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காட்டுச் சமவெளிக்காரர்கள். முந்தானையில் விதை முடிந்து வந்திருந்தாலும் அது கருவிதையாகத்தான் இருந்திருக்கும். அதற்கும் தேவை இருந்திருக்காது. மலாய்க்காரர் அடுப்பில் பாயம் என்ற பெயரில் இந்தக் கீரை முன்பே கொதித்துக்கொண்டிருந்தது.

கோதுமையை ஒதுக்குவதும் தோட்டத்து மக்களுக்குப் பெரிய தவமல்ல. சோறு, இடியப்பம், புட்டு எதிலும் குளூட்டன் கிடையாது. ரொட்டி சானாயும் மீயும் பழகிய பிறகு வந்த தொல்லை இது. (கிச்சாப் என்னும் சோயாச் சாற்றிலும் கோதுமை இருக்கலாம்; புட்டியைத் திருப்பிப் படியுங்கள்.) ஆனால் அக்கா மகள் கேட்பது சப்பாத்தி.

விதையைக் கூழாக்குவது சுலபம். ஒரு பங்குக்கு மூன்று பங்கு நீர் விட்டு, இருபது நிமிடம் சிறு தீயில் வைத்தால் கொழகொழவென்று வெந்துவிடும். பொரிப்பதென்றால் காய்ந்த வெறும் சட்டியில் ஒவ்வொரு கரண்டியாகப் போட வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் பாதி கருகும், பாதி பொரியாது. மாவுதான் முரண்டு பிடித்தது. இழுத்துக் கட்டக் குளூட்டன் இல்லாததால் தேய்க்கும்போதே விளிம்பு வெடித்தது.

வழி சொன்னது பாட்டிதான்: "கெழங்க அவிச்சு மசிச்சுப் போடேன்." மாவுக்குப் பாதியளவு மரவள்ளி. நடு நரம்பை எடுத்துவிட்டு, சூடு ஆறுவதற்குள் மசித்துப் பிசைய வேண்டும், ஆறினால் திப்பிதிப்பியாகிவிடும். தேய்க்க வேண்டாம், வாழை இலையில் தட்டி இலையோடு கல்லில் கவிழ்த்தால் உடையாமல் வருகிறது. நெத்திலிச் சம்பலோடு அவள் நான்கு தின்கிறாள்.