பரீட்சை எழுதாத ஆசிரியர்

பள்ளிக்கூடத்து வாத்தியாரை மடக்குவதற்கு மாணாக்கர்கள் எத்தனையோ ஆயுதங்களைக் கைவசம் வைத்திருக்கிறார்கள். ஆனால் சென்ற ஆடி மாதத்தில் என்மீது பிரயோகிக்கப்பட்ட ஆயுதத்தை நான் முன்பின் கண்டதில்லை.

பதினோராம் வகுப்பில் ஒரு பையன். தமிழில் கட்டுரை எழுதச் சொன்னால் அவனுக்குக் காகிதம் போதாது. கணக்குப் பரீட்சையிலோ காகிதம் வெறுமையாகத் திரும்பி வரும். படிப்பை நிறுத்திவிட்டுச் சென்னைக்குப் போய் எழுத்தாளனாகப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டான். அவனுடைய தாயார் கண்ணும் கண்ணீருமாக என்னிடம் வந்தார். நான் பையனைத் தனியே அழைத்துப் பட்டத்தின் பெருமையைப் பற்றி அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஸார், கல்கி பள்ளி இறுதிப் பரீட்சையே எழுதவில்லையாமே, வாஸ்தவந்தானா?" என்றான்.

வாஸ்தவந்தான்! வகுப்பில் 'பொன்னியின் செல்வ'னை வாய் ஓயாமல் புகழ்ந்தவனும் நானேதான். "நாளைக்குச் சொல்கிறேன்" என்று நழுவினேன்.

அன்றிரவு பரணிலிருந்து என் பாட்டியின் பைண்டு புத்தகங்களை இறக்கினேன். வாராவாரம் பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைப் பிரித்தெடுத்துத் தைத்து வைத்தவை அவை. புரட்டிக்கொண்டே அவற்றை எழுதியவரின் வாழ்க்கையை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன்.

மாயவரத்துக்கு அருகே புத்தமங்கலத்தில் 1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி பிறந்தவர் ரா. கிருஷ்ணமூர்த்தி. திருச்சியில் படித்துக்கொண்டிருக்கையில், பரீட்சைக்குச் சில மாதங்களே பாக்கி இருந்த சமயத்தில், மகாத்மாவின் ஒத்துழையாமை அழைப்பு அவர் காதில் விழுந்தது. 1921-இல் பள்ளியைத் துறந்தார். பள்ளியை விட்டவருக்கு அடுத்த ஆண்டு கிடைத்த இடம் சிறைக்கூடம். ஒரு வருஷ தண்டனை. 1923-இல் திரு.வி.க.வின் 'நவசக்தி'யில் உதவியாசிரியராக அமர்ந்தார். ஐந்து வருஷம் அந்தப் பெரியவரின் நிழலில் தொழில் பழகினார். பிறகு திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியுடன் 'விமோசனம்' என்னும் மதுவிலக்குப் பத்திரிகைக்காக உழைத்தார். அதன் பின்னரே வாசனுடைய 'ஆனந்த விகட'னில் அவருடைய பேனா நாடறிய ஓடத் தொடங்கிற்று.

அங்கே 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் அவர் எழுதிய 'ஆடல் பாடல்' பகுதி பிரசித்தமானது. பழம்போக்குக்காரரைக் கேலி செய்யும் அந்தச் சொல்லையே பெயராக வைத்துக்கொண்டு, கச்சேரிகளையும் நாட்டியத்தையும் ராக லட்சணம் அறியாதவரும் ரசிக்கும்படி விமரிசித்தார். 1941-இல் விகடனை விட்டு விலகி, மூன்றாம் முறையாகச் சிறை சென்று மீண்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் சதாசிவத்துடன் சேர்ந்து 'கல்கி'யைத் தொடங்கினார். அதற்குப் பொருள் உதவுவதற்காகவே எம்.எஸ். சுப்புலக்ஷ்மி 'சாவித்திரி' படத்தில் நாரதராக நடித்தார். தமிழிசைக் கிளர்ச்சியில் பெரிய வித்துவான்களின் கோபத்தையும் பொருட்படுத்தாமல் வாதாடியவர் கல்கி. 1954 டிசம்பர் 5-ந் தேதி, ஐம்பத்தைந்தாவது வயதில் காலமானார்.

இவற்றுள் என் நெஞ்சைத் தொட்டது வேறொன்று. 1930-களில் பாரதி மகாகவிதானா என்று ஒரு பெரும் சர்ச்சை மூண்டது. அந்தப் பட்டத்தை ஒப்பாத கட்சியில் கல்கி நின்றார், கு.ப.ரா.வும் சிட்டியும் எதிர்க்கட்சி. அதே கல்கிதான் பின்னர்த் தம் பத்திரிகையில் வேண்டுகோள் விடுத்து, வாசகர்களிடம் பணம் திரட்டி, எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்பினார். 1945-இல் அஸ்திவாரம், 1947-இல் திறப்பு விழா. எழுதிய விடையைச் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் திருத்தி எழுதிய மனிதர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இப்படி யோசித்தபடி பக்கத்தைப் புரட்டினேன். ஓர் அத்தியாயத்தின் ஓரத்தில் பென்சிலால் பாட்டியின் கையெழுத்து: "இந்த வாரம் சுமார்." இன்னோர் இடத்தில்: "பேஷ்!" ஐந்தாம் வகுப்போடு நின்ற பாட்டி கல்கிக்கு மார்க்குப் போட்டிருக்கிறாள்!

எனக்கு விடை கிடைத்துவிட்டது.

மறுநாள் பையனிடம் சொன்னேன்: "அப்பா, கல்கி பரீட்சை எழுதவில்லை என்பது பாதி உண்மை. ஒரு பரீட்சையைத்தான் விட்டார். பிறகு சாகிற வரையில் வாராவாரம் எழுதினார். காய்ச்சலானாலும் தலைவலியானாலும் பத்திரிகை காத்திருக்காது. திருத்தியவர்கள் என் பாட்டியைப் போன்ற கண்டிப்புக்காரர்கள்."

பையன் சற்று யோசித்தான். "அவருக்கு நவசக்தி இருந்தது. எனக்கு யார் ஸார் இருக்கிறார்கள்?" என்றான்.

அந்தக் கேள்வியில் குறும்பு இல்லை. என் தொண்டை அடைத்தது. "வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வா. நான் திருத்தித் தருகிறேன். கணக்கைக் கணக்கு வாத்தியார் திருத்துவார். இரண்டையும் தவறாமல் ஒரு வருஷம் எழுது. பிறகு சென்னையைப் பற்றிப் பேசுவோம்" என்றேன்.

ஒன்பது வெள்ளிக்கிழமைகள் போய்விட்டன. இரண்டு வாரம் தவறினான். ஏழு பக்கம் வந்திருக்கின்றன. கணக்கு நோட்டு இன்னமும் பயமுறுத்தத்தான் செய்கிறது. ஆயினும் பையன் பள்ளியில் இருக்கிறான்.

நேற்று அவனுடைய பக்கத்தின் ஓரத்தில் "இந்த வாரம் தேவலை" என்று எழுதியபோது எனக்கு ஒன்று உறைத்தது. பட்டம் வாங்கிய நாள் முதல் நான் இந்த மாதிரிப் பரீட்சை ஒன்றுகூட எழுதியதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இதை எழுதி அனுப்புகிறேன். வாசகர்கள் தாராளமாக மார்க்குப் போடலாம், பென்சில் போதும்.