மொய் நோட்டில் ஏறாத அன்பளிப்பு

சிவகாசி வட்டாரத்தில் பட்டாசுத் தொழிலை நம்பி வாழும் ஊர்களுள் எம். புதுப்பட்டியும் ஒன்று. இப்பக்கத்தில் ஒரு வீட்டின் வரவு வெயிலைப் பொறுத்தது. மழை பிடித்துக்கொண்டால் காயவைக்கும் களம் வெறிச்சோடும். களம் ஓய்ந்தால் வாரக்கூலியும் ஓயும். தீபாவளி முடிந்த கையோடு ஆலைகள் சில வாரம் பூட்டிக் கிடக்கும். கலியாணமும் சுன்னத்தும் காதுகுத்தும் மட்டும் வெயிலைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

நம் பக்கத்து அன்பளிப்பு பெரும்பாலும் நோட்டில் ஏறும் கணக்காகவே இருக்கிறது. ஐந்நூறு வைத்தவருக்கு ஐந்நூறுக்குக் குறையாமல் திருப்பியாக வேண்டும். நல்ல காலத்தில் அது ஒருவகைச் சேமிப்புத்தான். அதை நாம் மறுக்கவில்லை. கூலி நின்ற காலத்திலோ அதே நோட்டு ஒரு குடும்பத்தை வட்டிக்காரர் வாசலுக்கோ, ஆலை முன்பணத்திற்கோ அனுப்பிவிடுகிறது. முன்பணம் வாங்கியவர் அது கழியும்வரை அந்த ஆலைக்கே கட்டுப்பட்டவர்.

2018 அக்டோபர் 23-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பு கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. தொடர்ந்து ஆலைகள் சில மாதங்கள் மூடிக் கிடந்தன. மறுபடி திறந்து கூலி கைக்கு வரத் தொடங்கிய சிறிது காலத்திலேயே நோன்பு பிறந்தது. அவ்வாண்டு ஜூன் 3 அன்று பள்ளிக்கூடம் திறப்பு. 5 அன்று பெருநாள். புத்தாடையா, பள்ளிச் செலவா என்று தாய்மார் கணக்குப் போட்ட வாரம் அது.

அத்தகைய வீட்டிற்கு எதைக் கொண்டுபோவது? அரசுப் பள்ளிப் பிள்ளைக்குப் பாடநூலும் நோட்டும் பையும் அரசே தருகிறது. குடும்ப அட்டைக்கு அரிசியும் கிடைக்கிறது. அவற்றையே நாமும் சுமந்து செல்வது, கொடுக்கும் நம் மனத்துக்குத்தான் நிறைவு. (அரபு நாட்டிலிருந்து வருவோர் சுமந்து வரும் போர்வைகளைப் பற்றி இங்கே பேசாமல் விடுவது நலம், கந்தக பூமியில் போர்வை!) அந்த வீட்டில் உண்மையில் முட்டுப்படுவது வேறு. அடகுக் கடையில் முழுகப் போகும் கம்மலுக்குரிய வட்டி. தீர்ந்துபோன எரிவாயு உருளை. திரி கோத்துக் கோத்துக் கண் மங்கிய பெண்மணிக்கு ஒரு மூக்குக்கண்ணாடி. பளபளக்கும் தாளில் பொதிந்து கொடுக்க முடியாத பொருள்கள் இவை. பக்கத்து வீட்டாரோ மளிகைக் கடைக்காரரோ சொல்லாமல் இவற்றை அறியவும் இயலாது. கேட்டறிவதற்கே பாதி உழைப்பு வேண்டும்.

காலமும் கருதத்தக்கது. ஃபித்ராவைப் பெருநாள் தொழுகைக்கு முன்பே கொடுத்துவிட வேண்டுமென்று மார்க்கம் விதித்திருப்பது, ஏழையின் அடுப்பும் அன்றைக்கே எரியவேண்டும் என்பதற்காகத்தானே! 2020-இல் ஊரடங்கால் பள்ளிவாசல்களில் கஞ்சி காய்ச்ச வழியில்லாதபோது, 2,895 பள்ளிவாசல்களுக்கு அரசு ஒதுக்கிய 5,450 டன் அரிசியை வீடுவீடாகப் பகிர்ந்து கொடுக்க ஏற்பாடாயிற்று. பல்லாண்டு வழக்கத்தை ஒரே நோன்பில் மாற்றிக்கொள்ள முடிந்தது. மொய் நோட்டைச் சில காலம் மூடிவைக்க மட்டும் நம் ஜமாஅத்துகளுக்கு ஏன் மனம் வரவில்லை என்பது நமக்கு விளங்கவில்லை.

நோட்டை மூடுவதென்றால், வாங்கியவர் எதையுமே திருப்பித் தரலாகாது என்பதன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்பளிப்பை ஏற்று, பதிலுக்குத் தாமும் வழங்குபவர்களாகவே இருந்தார்கள். நாம் அறிந்த ஒரு வீட்டில் கடைப் பற்றை அடைத்துவிட்டு வந்தபோது, அவ்வீட்டு அம்மா, "பேரை எழுதி வச்சுக்கிறட்டுமா?" என்று கேட்டார்கள். வேண்டாம் என்றோம். பெருநாள் காலையில் அவர்கள் மகன் ஒரு தூக்குவாளி நிறையச் சேமியாப் பாயசத்துடன் வந்து நின்றான். வாளியைக் கழுவித் திருப்பிக் கொடுக்கையில் வெறுமனே கொடுப்பதா, எதையேனும் போட்டுக் கொடுப்பதா என்று நம் வீட்டில் நெடுநேரம் பேச்சு நடந்தது.