தங்கம் எவ்வளவு?

பட்டறைக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுவார்கள்: “ஸ்தபதி, தங்கம் எவ்வளவு போடுவீங்க?” பக்கத்து ஊர் தர்மகர்த்தா வந்தாலும் இதே கேள்வி, கழுத்தில் கேமராவோடு வெளிநாட்டுக்காரர் வந்தாலும் இதே கேள்வி. நானும் சளைக்காமல் பதில் சொல்வேன். ஐம்பொன் என்றால் செம்பு, பித்தளை, ஈயம், வெள்ளி, தங்கம். சிலையின் உடம்பு பெரும்பாலும் செம்புதான். பித்தளை அதற்குத் துணை. ஈயம் கொஞ்சம் சேர்ந்தால் குழம்பு நன்றாக ஓடும், பிறகு உளிக்கும் இடம் கொடுக்கும். வெள்ளியும் தங்கமும் சாஸ்திரத்துக்கு. உலை மூட்டிய அன்று, சிலை செய்யச் சொன்ன வீட்டுப் பெண்கள் காதுத் தோட்டைக் கழற்றி மூசைக்குள் போடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கண் மூடித் திறப்பதற்குள் பொன் செம்போடு கலந்துவிடும். அப்புறம் அது எங்கே இருக்கிறதென்று யாராலும் காட்ட முடியாது.

முப்பது வருஷத்துக்கு மேலாக இந்த வேலையில் இருக்கிறேன். “எந்த மண்ணுல வார்க்கிறீங்க?” என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

சுவாமிமலையில் நாங்கள் இருப்பதே மண்ணால்தான். இரண்டாம் ராஜராஜன் காலத்தில் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயில் வேலைக்கு வந்தவர்களின் வழி நாங்கள் என்று வீட்டில் சொல்வார்கள். வேலை முடிந்ததும் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போயிருக்கலாம். காவிரிக் கரையை விட்டு நகராததற்குக் காரணம் அந்த வண்டல் என்பது பெரியவர்களின் கட்சி. நானும் அந்தக் கட்சிதான். இந்த மண்ணைத் தண்ணீர் விட்டுக் குழைத்தால் விரலிடுக்கில் வெண்ணெயாக நழுவும். மணல் ஒன்றுகூட நெருடாது.

ஆனால் மண்ணை அப்படியே பூச முடியாது. காயும்போது சுருங்கி வெடிக்கும். உமியைக் கரியாக்கி, அதையும் மண்ணையும் சேர்த்து அரைத்துத் துணியில் வடிகட்டி, சாணம் கலந்து பிசைய வேண்டும். உமிக்கரி சேர்ந்த மண்ணுக்கு மூச்சு உண்டு. வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை. அச்சுக்குள் உலோகம் பாயும்போது ஏற்கெனவே அங்கே இருக்கிற காற்று எங்கேயாவது போக வேண்டுமே? அதற்கென்று வைத்த குழல் வழியாகப் பாதி போகும், மீதி மண்ணின் நுண்துளை வழியாகப் போகும். 12-ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் எழுதிய மானசோல்லாசத்தில் இந்தப் பக்குவம் இருக்கிறது. கரித்த உமி, நறுக்கிய பஞ்சு, கொஞ்சம் உப்பு, எல்லாம் மண்ணோடு சேர்த்துக் கல்லில் அரைக்க வேண்டும் என்று. யானை, குதிரை, சமையல் என்று உலகத்தில் உள்ளதையெல்லாம் எழுதிய அரசன் சேற்றுக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறான். நம் தர்மகர்த்தாக்களைவிட விஷயம் தெரிந்தவன்.

மண் வருவதற்கு முன் மெழுகு. தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் காய்ச்சிக் கடலை எண்ணெய் விட்டுச் சேர்ப்போம். சித்திரை வெயிலில் குங்கிலியம் கூட வேண்டும், இல்லாவிட்டால் அம்மனின் விரல்கள் மாலைக்குள் தொங்கிப்போகும். மார்கழியில் எண்ணெய் கூட வேண்டும், இல்லாவிட்டால் வளைத்த இடத்தில் படக்கென்று ஒடியும். அளவுக்கு ஒடியோலை. சிலையின் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, மடித்து மடித்துப் பங்கு பிரிப்பது. சிவனுக்கும் பெருமாளுக்கும் உத்தம தசதாலம், 124 பங்கு. அம்மனுக்கு மத்திமம், 120. இதையெல்லாம் புத்தகத்திலேயே படித்துக்கொள்ளலாம். மண் பூசுவதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது.

முதல் பூச்சைச் சொல்கிறேன். மண்ணைத் தயிர்ப் பதத்துக்குக் கரைத்துக்கொண்டு, மெழுகுச் சிலையைக் கைக்குழந்தைபோல மடியில் சாய்த்து வைத்துக்கொள்வேன். ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு சொட்டு. முதலில் கண் ஓரம், பிறகு மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையிலுள்ள பள்ளம், காதுக் குண்டலத்தின் பின்புறம், விரல்களின் இடுக்கு. அப்பினால் கெட்டது. நகர்த்தி நகர்த்திப் போக வேண்டும், முன்னால் போகிற மண் காற்றைத் தள்ளிக்கொண்டே போகும்படி. எங்கேயாவது ஒரு குமிழ் மாட்டிக்கொண்டால் அந்த வெற்றிடத்தில் உலோகம் போய் உட்காரும். என் முதல் வருஷத்தில் ஒரு பெருமாளுக்கு மூக்கின் கீழே பச்சைப்பயறு அளவில் மரு முளைத்தது. அப்பா அதை அரத்தால் தேய்க்க விடவில்லை. ஒரு வாரம் அப்படியே வாசலில் நிறுத்திவைத்து, வருகிறவர்களிடமெல்லாம் “நம்ம பையன் செஞ்சது” என்று காட்டினார்.

மண்ணிடம் ஒரு குணம் உண்டு. எதையும் விடாது. மெழுகில் இருக்கிற நல்லதும் அதில் பதியும், சோம்பேறித்தனமும் பதியும். அப்பா செய்த ஒரு சிறிய சோமாஸ்கந்தர் எங்கள் வீட்டில் இருக்கிறது. விற்காமல் வைத்துக்கொண்டது. பீடத்தைக் கவிழ்த்துப் பார்த்தால், யாரும் பார்க்கப்போவதில்லை என்று அவர் வழிக்காமல் விட்ட இடத்தில் கட்டைவிரல் ரேகை செம்பில் நிற்கிறது, சுழி உட்பட.

முதல் பூச்சு நிழலில் காய்ந்த பிறகு இரண்டாவது, அதற்கு மேல் மணல் கலந்த முரட்டு மண், பிறகு இரும்புக் கம்பி வைத்துக் கட்டு. காய்ந்த அச்சை வறட்டி அடுக்கிச் சுட்டால் மெழுகு உருகி வெளியே வந்துவிடும். மாதக்கணக்கில் நான் இழைத்த முகம் மண்ணுக்குள் வெற்றிடமாக மட்டும் இருக்கும். அச்சைக் குழியில் புதைத்து, ஆயிரம் டிகிரிக்கு மேல் உருகிய குழம்பை ஊற்றுகிறோம். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் போட்டோ எடுப்பது இந்த இரண்டு நிமிஷத்தைத்தான்.

எனக்கு இருபத்துமூன்று வயதானபோது நடந்தது இது. இரண்டடி உயரத்தில் ஒரு அம்மன், தை மாதக் கும்பாபிஷேகத்துக்குக் கொடுக்க வேண்டும். கார்த்திகை முழுக்க மழை. அப்பா காய்ச்சலில் படுத்திருந்தார். அச்சு காய்ந்துவிட்டதா என்று பார்க்க அவருக்கு ஒரு வழி உண்டு, கன்னத்தை அதன்மேல் வைத்துப் பார்ப்பார். ஈரம் இருந்தால் மண் ஜில்லென்று இருக்கும். எழுந்து வந்து கன்னம் வைத்தவர், “காயலடா. இன்னும் நாலு நாள் கெடக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். நான் தொட்டுப் பார்த்தேன், காய்ந்த மாதிரித்தான் இருந்தது. கோயில்காரர்கள் தினம் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மறுநாளே வறட்டி மூட்டினேன், அதுவும் அரைகுறையாக. அன்று இரவே ஊற்றினேன்.

பாதி ஊற்றும்போதே அச்சு கொட கொடவென்று சத்தம் போட்டது. மண்ணுக்குள் மாட்டிக்கொண்ட நீர் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் குழம்பைத் திருப்பி வாய்வழியே தள்ளியது. ஒரு துளி என் இடது புறங்காலில் விழுந்தது. தழும்பு இன்னும் இருக்கிறது. விடிந்து உடைத்துப் பார்த்தபோது மலர் பிடிக்க வேண்டிய வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. முகமெல்லாம் அம்மை வார்த்தாற்போலக் குழிகள்.

அப்பா வந்தார். சிலையைப் பார்க்கவே இல்லை. உடைந்த மண் ஓட்டில் ஒன்றை எடுத்து இரண்டாக ஒடித்து என்னிடம் நீட்டினார். “பாரு. ரெண்டு பக்கமும் வெந்திருக்கு, நடுவுல வேகல.” நடுவில் ஈரக் கறுப்பாக ஒரு கோடு. “செம்பு மேல தப்பில்லடா. அத மறுபடி உருக்கிக்கலாம்.” மெழுகில் இழைத்த உருவத்தை அப்படித் திரும்ப எடுக்க முடியாது. முகத்திலிருந்து ஆரம்பித்தேன். அந்த அம்மன் பங்குனியில்தான் போய்ச் சேர்ந்தாள். அதற்குள் கோயில்காரர்கள் அப்பாவிடம் பேசிய பேச்சை எழுத வேண்டாம்.

அந்த வருஷ முடிவில் அவர் என்னைத் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்கு அழைத்துப் போனார். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர், 1011-ஆம் ஆண்டுச் சிலை. காளை இல்லை. ஆனாலும் அதன்மேல் சாய்ந்து வைத்த கை அப்படியே நிற்கிறது. பாம்புகள் பின்னிய அந்தத் தலைக்கட்டைக் காட்டி, “இதுல உளி எங்க பட்டிருக்கு, சொல்லு” என்றார். அரை மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்தேன். எனக்குத் தெரிந்த உளியின் தடம் ஒன்றும் கண்ணில் படவில்லை. அவ்வளவு நுணுக்கத்தையும் மெழுகிலேயே முடித்திருக்கிறார்கள், மண் அதைச் சிந்தாமல் வாங்கியிருக்கிறது.

இன்று நாங்கள் அப்படிச் செய்வதில்லை. மெழுகை மொத்தையாக வைத்து, தடிமனாக வார்த்து, ஆபரணம், மடிப்பு, விரல் நகம் எல்லாவற்றையும் பிறகு உளியால் செதுக்கி எடுக்கிறோம். நானும்தான் செய்கிறேன், நல்லவன் வேஷம் போட வேண்டியதில்லை. ஆர்டருக்குத் தேதி உண்டு, வார்ப்பில் ஏதாவது விட்டுப்போனால் செதுக்கிச் சமாளிக்க உலோகம் மிச்சம் வேண்டும். செதுக்கிய வேலை பளபளவென்று எடுப்பாகவும் இருக்கும், வாங்குகிறவர்களுக்கும் பிடிக்கும். ஆனால் செதுக்கிய மடிப்பு துணிபோல விழாது, வெட்டின கோடாகவே நிற்கும். வருஷத்துக்கு ஒன்றிரண்டு சிலையாவது மெழுகிலேயே முடித்து வார்த்துப் பார்க்கிறேன். இரண்டில் ஒன்று தேறும்.

2023-ல் ஜி20 மாநாட்டுக்காக டெல்லி பாரத் மண்டபத்தில் வைத்த 27 அடி நடராஜர் எங்கள் ஊரில் வார்க்கப்பட்டவர். டிவியில் எத்தனை டன், எத்தனை உலோகம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எனக்கு எத்தனை வண்டி மண் குழைத்திருப்பார்கள் என்றுதான் ஓடியது.

மண்ணும் முன்போல இல்லை. 1934-ல் மேட்டூர் அணை வந்தது, அதற்கு மேலேயும் அணைகள் வந்தன. ஆறு கொண்டுவருகிற வண்டலில் பெரும்பங்கு அங்கங்கே தங்கிவிடுகிறது. நாங்கள் எடுப்பது கரையில் பழைய வெள்ளங்கள் போட்டுவிட்டுப்போன இருப்பு. என் பையன் டூவீலரில் போய் இரண்டு சாக்கு கொண்டுவருகிறான். அரைக்க மிக்ஸி போதாதா என்று கேட்கிறான். போட்டுப் பார்த்தோம், பிளேடு போய்விட்டது.

இப்போது கொட்டகையில் ஒரு சந்திரசேகரர் இருக்கிறார், மூன்று பூச்சும் முடிந்து, கம்பி கட்டி. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருக்கிறது. வாங்கப்போகிறவர் நேற்று இரவும் போன் செய்தார், எப்போது ஊற்றுவீர்கள், நாள் சொன்னால் குடும்பத்தோடு வருவோம், அம்மா ஒரு மோதிரம் எடுத்து வைத்திருக்கிறாள் என்று. காலையில் போய்க் கன்னம் வைத்துப் பார்த்தேன். ஜில்லென்றிருக்கிறது.