பன்னிரண்டாம் சேனல்

சென்னை கொட்டிவாக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடலைப் பார்த்து இறங்கும் தெருக்களில் ஒன்று. அங்கே ஒரு வீட்டு மாடியறையில் பாய் விரித்து, இரண்டு பழைய ஒலி மிக்சர்களைக் கிடத்தியிருக்கிறார்கள். சன்னல் கம்பியில் துரு. கதவுக் கீலில் துரு. மின்விசிறியின் தண்டிலும் துரு ஏறிக்கொண்டிருக்கிறது. இந்த ஊர்க் காற்று உலோகத்தைச் சும்மா விடாது.

முதல் மிக்சர் இங்கிலாந்தில் செய்தது. 24 சேனல். கல்யாண மண்டபங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் உழைத்தது. ஃபேடர்களுக்குக் கீழே ஒட்டிய வெள்ளை டேப்பில் எழுத்து இன்னும் அழியவில்லை: ‘நாயனம்’, ‘தவில் 1’, ‘தவில் 2’, ‘ஐயர் மைக்’. இரண்டாவது ஜப்பானில் செய்தது. 16 சேனல், ஒலியைத் தனித்தனியாக வெளியே எடுக்க 8 பஸ். வண்ணம் மங்கி, குமிழ்கள் இரண்டு காணாமல் போய், 12ஆம் சேனலின் தலையில் சிவப்பு மையில் ‘டெட்’ என்று எழுதிய துண்டோடு ஓரமாகக் கிடக்கிறது.

விற்க வந்திருப்பவர் ஒரு சவுண்ட் சர்வீஸ்காரர். வாங்கப் போகிறவன் பாட்டுப் பாடும் இளைஞன், என் பக்கத்து வீட்டுப் பையன். பார்த்துச் சொல்ல வந்திருப்பவர் கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர். அவருடைய மஞ்சப்பையில் ஒரு திருப்புளி, ஒரு பிரஷ், கான்டாக்ட் கிளீனர் டப்பா, தன் சொந்த ஹெட்போன், ஒரு மைக், ஒரு கேபிள். நான் வாசலோர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் பேசவில்லை.

இளைஞனின் கை 24 சேனலின் மேலேயே இருக்கிறது.

“இதுக்கு நல்ல பேர் இருக்கு சார். பெருசாவும் இருக்கு.”

“பேர விடுப்பா. ஒரே நேரத்துல எத்தன மைக் வெப்ப? அதச் சொல்லு.”

அவன் விரல் விட்டு எண்ணுகிறான். குரலுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்தின் வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று, கடத்துக்கு ஒன்று, தம்புராவுக்கு ஒன்று. “ஆறு சார்.”

“ஆறு உள்ள வருது. ஆறும் தனித்தனியா வெளிய போவணும் இல்ல? இதுல எது வழியா போவும்?”

பையன் மிக்சரைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்கிறான். நாலு குரூப், மெயின் இரண்டு. சேனலுக்குச் சேனல் தனி வழி தரும் டைரக்ட் அவுட் கிடையாது. மெயினையும் எடுத்துக்கொண்டால் ஆறு வந்துவிடும். அப்புறம் பாடுகிறவன் காதில் கேட்பதற்கு வேறு வழி தேட வேண்டும்.

“இன்சர்ட்ல பின்ன பாதி சொருகி எடுத்துக்கலாம் ஐயா” என்கிறார் சவுண்ட் சர்வீஸ்காரர். இன்சர்ட் என்பது சேனலின் நடுவே வெளிக்கருவியைச் சேர்க்க இருக்கும் ஓட்டை.

“எடுக்கலாம். ஒரு ராத்திரிக்கு ஓடும். பாதி சொருகின பின்ன நம்பி தெனம் பாட முடியுமா?”

அவர் மறுக்கவில்லை. தொழில் தெரிந்தவர், சிரித்துத் தலையாட்டுகிறார்.

வித்தியாசம் இங்கேதான். மேடை மிக்சரின் வேலை, வரும் ஒலிகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஸ்பீக்கருக்கு அனுப்புவது. பல தடப் பதிவுக்கான மிக்சரோ ஒவ்வொன்றையும் பிரித்தே வைத்து, பிரித்தே வெளியே தர வேண்டும். ஏற்கெனவே பதிந்த தடங்களைத் திருப்பி வாங்கிக் காதுக்கும் கொடுக்க வேண்டும். பார்வைக்கு இரண்டும் ஒரே சாமான்தான். சேனல் எண்ணிக்கையைப் பார்த்து வாங்குகிறவர்கள் பலரும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

இந்தப் பிரித்து வைக்கும் வேலை நம் ஊருக்கு மெதுவாகத்தான் வந்தது. கோடம்பாக்கத்தில் வாத்தியக்காரர்கள் எல்லாரும் ஒரே கூடத்தில் உட்கார, பாடகரும் கூடவே பாட, முழுப் பாட்டும் ஒரே மூச்சில் பதிவான காலம் உண்டு. ஒருவர் தப்பினால் எல்லாரும் மறுபடி முதலிலிருந்து. மேல்நாட்டிலும் தடங்கள் தாராளமாக இருக்கவில்லை. பீட்டில்ஸ் குழுவின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ 1967இல் நாலு தட இயந்திரங்களில் பதிவானதுதான். அந்த நாலு தடத்தைச் சாதாரண கேசட்டில் அடக்கி, சிறு மிக்சரையும் சேர்த்து, 1979இல் டாஸ்காம் நிறுவனம் ‘போர்ட்டாஸ்டுடியோ 144’ என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தன் வீட்டில் அதை வைத்துப் பதிந்த பாட்டுகள்தாம் 1982இல் ‘நெப்ராஸ்கா’ என்ற இசைத்தட்டாக வெளிவந்தன. நம் ஊரில் 1989இல் ஏ.ஆர்.ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டியே ‘பஞ்சதன் ரெக்கார்ட் இன்’ அமைத்தார். 1992இல் வந்த ‘ரோஜா’வின் பாட்டுகள் அங்கே உருவானவை. வீட்டுக்குள் உட்கார்ந்து ஊரே கேட்கும் பாட்டைப் பதியலாம் என்ற துணிவை இந்த நகரத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது அந்த வீடுதான். இந்தப் பையனின் ஆசைக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

பெரியவர் எட்டு பஸ் உள்ள ஜப்பான் மிக்சரை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார். பவர் சப்ளை தனிப் பெட்டி. முதலில் அதன் முதுகைத் திருப்பி வோல்டேஜைப் படிக்கிறார். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், அமெரிக்காவில் 120. அந்த நாடுகளில் விற்பதற்கென்று செய்ததை நம் 230இல் நேராகச் சொருகினால் அங்கேயே முடிந்தது. இதில் 240 என்று இருக்கிறது. சுவிட்சைப் போடுகிறார்.

மைக் எதுவும் சொருகவில்லை. எல்லா ஃபேடரையும் மேலே தள்ளிவிட்டு, ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொள்கிறார். அறையில் யாரும் அசையவில்லை. பிறகு ஹெட்போனைக் கழற்றிப் பையனிடம் நீட்டுகிறார்.

“ஹம் கேக்குதா? அந்த சுருதிய புடி.”

பையன் ‘ம்ம்ம்’ என்று பிடிக்கிறான். இடம் தவறாமல் நிற்கிறது குரல்.

“எர்த் கோளாறுன்னா இதுக்கு ஒரு ஸ்தாயி கீழ கேக்கும். இது பவர் சப்ளை.”

கணக்கு சரிதான். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. எர்த் தகராறில் பெரும்பாலும் அந்த 50 தான் ஒலிக்கும். பவர் சப்ளைக்குள் ஏசியை டிசியாக மாற்றும்போது அது இரட்டித்து 100 ஆகிறது. அதை அடக்க வேண்டிய கெபாசிட்டர் வயதாகி உலர்ந்துவிட்டால், அந்த 100 வெளியே கசியும். சங்கீதக் கணக்கில் சரியாக ஒரு ஸ்தாயி மேலே. மீட்டர் இல்லாமல், ஆஸிலாஸ்கோப் இல்லாமல், காதால் சொல்லிவிட்டார். மூடியைத் திறந்தால் பெரிய கெபாசிட்டர் ஒன்றின் தலை உப்பியிருக்கிறது.

“ரிச்சி தெருவுல கெடைக்கும். பெரிய செலவில்ல.”

அடுத்து ஸ்பீக்கரை இணைத்து, ஒரே மைக்கை ஒவ்வொரு சேனலாக மாற்றிச் சொருகி, எண் சொல்லிக்கொண்டு போகிறார். கெயின் குமிழைத் திருப்பும்போது கரகரப்பு. கிளீனரைப் பீய்ச்சி இப்படியும் அப்படியும் திருப்பத் திருப்ப அடங்குகிறது. 12க்கு வரும்போது மௌனம். அவர் அதைத் தாண்டிப் போகவில்லை. பின்பக்கம் போய், அந்தச் சேனலின் இன்சர்ட் ஓட்டையில் ஒரு பின்னைச் சொருகி உருவுகிறார். மறுபடி, மறுபடி. பிறகு மைக்கின் முன்னால் வந்து, “பன்னெண்டு” என்கிறார். ஸ்பீக்கரில் அவர் குரல் முழுசாக வருகிறது.

சவுண்ட் சர்வீஸ்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

இன்சர்ட் ஜாக்கில் பின் இல்லாதபோது உள்ளே இரண்டு தகடுகள் ஒட்டியிருக்கும். ஒலி அவற்றின் வழியாகத்தான் கடந்து போகும். எவரும் தொடாமல் கிடக்கும் ஜாக்கில் அந்தத் தகடுகளின் மேல் மாசு படியும். உப்புக் காற்றில் இன்னும் சீக்கிரம் படியும். சேனல் செத்ததாக எல்லாரும் முடிவு கட்டிவிடுவார்கள். பின்னை நாலு முறை சொருகி எடுத்தால் தகடு உரசிச் சுத்தமாகும்.

கடைசியில் இரண்டையும் திறந்து பார்த்தார். 24 சேனலில் எல்லாம் ஒரே பெரிய போர்டில் அடங்கியிருக்கிறது. ஒன்று கெட்டால் மொத்தத்தையும் பிரிக்க வேண்டும். ஜப்பான் மிக்சரில் சேனலுக்கு ஒரு கார்டு. ஒன்றைக் கழற்றினாலும் மற்றவை ஓடும். ஒலியைப் பெருக்கும் ஐசி எல்லாம் 4558 ரகம், சல்லிசாகக் கிடைப்பது. கிடைக்காதது ஃபேடர்தான். பழைய ஃபேடரின் நீளமும் கால்களின் இடைவெளியும் புதியவற்றோடு பொருந்துவது அரிது. ஆகவே ஃபேடர் தேய்ந்த மிக்சரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்றார். இதை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

“அனலாக் சவுண்டு வரும்ல சார்?” பையன் ஆசையாகக் கேட்டான்.

“நீ பாடுறதுதான் வரும். கெயின சரியா வெச்சா கெடுக்காம வரும்.”

எனக்கு இந்தப் பதில் பிடித்தது. பழைய மிக்சரைப் பற்றிப் பேசும் எல்லாரும் அதன் கதகதப்பைப் பற்றிப் பேசுகிறார்கள். பெரிய கூடங்களின் கன்சோல்களில், டிரான்ஸ்ஃபார்மர் வழியாக வரும் ஒலிக்கு அந்தக் குணம் உண்மையிலேயே உண்டு. வீட்டுக்கு வாங்கும் ஐசி மிக்சரில் அதைத் தேடி அதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அதன் பெருமை வேறு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குமிழ் உண்டு. கை அங்கே போகிறது, காது உடனே முடிவு சொல்கிறது.

பையன் ஜப்பான் மிக்சரை எடுத்துக்கொண்டான். பெரியவர் சொல்லிப்போனவை: வாரத்தில் ஒரு நாளாவது ஓட்ட வேண்டும், கிடந்தால் கெடும், வேலை முடிந்தால் துணி போட்டு மூட வேண்டும், கடல் பக்கத்து சன்னலைச் சாத்தி வைக்க வேண்டும், மாதம் ஒரு முறை எல்லா ஜாக்கிலும் பின்னைச் சொருகி எடுக்க வேண்டும்.

பழைய மிக்சர் வாங்க நினைப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்பாதீர்கள். இப்படிப்பட்ட காதுள்ளவர்கள் சாலிகிராமத்திலும் வடபழனியிலும் இன்னும் இருக்கிறார்கள். தேடிப்போய்க் கூட்டி வாருங்கள், அவர்கள் நேரத்துக்கு உரிய கூலியைக் கொடுங்கள், அவர்கள் சோதிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.