சாவி தேய்ந்த 407: ஒரு பட்டறை நாட்குறிப்பு

திங்கள், காலை

நாமக்கல் பரமத்தி சாலையில் உள்ள ஒரு வண்டி எலக்ட்ரீஷியன் பட்டறைக்கு முட்டை வண்டி ஒன்றைத் தள்ளு ஸ்டார்ட்டில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 1998-ஆம் ஆண்டு மாடல் டாடா 407. மாலையில் லோடு ஏற்றினால் ஈரோடு, கோவை, வாளையாறு என்று போய் விடிவதற்குள் பாலக்காட்டில் இறக்கியாக வேண்டும். ஓட்டுபவர்தான் முதலாளியும். சில வாரங்களாகவே சாவி போட்டால் திரும்புவதில்லை, திரும்பினாலும் செல்ஃப் எடுப்பதில்லை என்றார்.

"டைரக்ட் போட்டுக் குடுத்துருங்ணா. டேஷ்போர்டுக்குக் கீழ ஒரு பட்டன் வெச்சா போதும். சாயங்காலம் லோடு இருக்குது."

எலக்ட்ரீஷியன் ஒத்துக்கொள்ளவில்லை. பூட்டைச் சுற்றிக்கொண்டு போகும் ஒயர் என்றால் கதவைத் திறக்கத் தெரிந்த எவரும் வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம். வண்டி களவு போனால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது சாவிகளைத்தான். அதைவிடப் பெரிய பயம் தீ. 1996 ஏப்ரலில் ஃபோர்டு நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 79 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. காரணம் இக்னிஷன் சுவிட்சுக்குள் ஏற்பட்ட ஷார்ட். எஞ்சினை அணைத்து நிறுத்திய வண்டியிலும் புகை வந்தது. கம்பெனி செய்த சுவிட்சுக்கே அந்த நிலை. ஃப்யூஸ் இல்லாமல் முறுக்கிக் கட்டிய ஒயரை நம்பி, முட்டை அட்டை நிறைந்த வண்டியை இரவில் ஓட்டச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. லோடு வேறு வண்டிக்கு மாறியது. அன்றைய வாடகை போயிற்று.

திங்கள், மதியம்

சாவி போடும் இடம் வெளியிலிருந்து பார்க்க ஒரே சாமான். உள்ளே மூன்று வேலை நடக்கிறது. முன்னால் இருப்பது பூட்டு. அதன் வால் பின்னால் உள்ள மின் சுவிட்சைத் திருப்புகிறது. பக்கவாட்டில் ஸ்டீயரிங் தண்டைப் பிடிக்கும் தாழ்ப்பாள். இந்த மூன்றில் எது கெட்டது என்று தெரிந்துகொள்ளாமல் செட்டைக் கழற்றிப் புதிதாக மாட்டிவிட்டு, அப்புறமும் வண்டி கிளம்பாமல் நிற்பது பட்டறைகளில் அடிக்கடி நடக்கிற சங்கதி.

ஒரே சாவியைத் திருப்பி வண்டியைக் கிளப்புகிற வசதியை 1949-இல் கிரைஸ்லர் கார்கள் பரப்பின. அதற்கு முன் சாவி வேறு, ஸ்டார்ட்டர் பட்டன் வேறு. இரண்டும் ஒன்றானபோது ஓட்டுநருக்கு வேலை குறைந்தது. பூட்டுக்குச் சுமை கூடியது. ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் ஸ்பிரிங்கை எதிர்த்துத் திருப்புகிற விசை முழுவதையும் மெல்லிய சாவியும் சின்ன உருளையும்தான் தாங்குகின்றன.

407-இன் கதையில் இன்னொரு விஷயமும் உண்டு. 1986-இல் வந்த இந்த வண்டியின் பழைய டீசல் எஞ்சினுக்கு ஓட மின்சாரமே வேண்டாம். பம்ப் முழுக்க முழுக்க இயந்திர வகை. ஒருமுறை கிளம்பிவிட்டால் சாவியை அணைத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்டாப்பரை இழுத்தால்தான் நிற்கும். பெட்ரோல் காரில் சுவிட்ச் தேய்ந்தால் எஞ்சின் நடுவழியில் அணைந்து எச்சரிக்கும். இங்கே அந்த எச்சரிக்கை கிடையாது. நோய் முற்றிய பிறகுதான் ஓட்டுநருக்கே தெரியவரும்.

சோதித்துப் பார்க்க எஞ்சினை ஓடவிட்டு, சாவி ஆன் நிலையில் இருக்கும்போதே மெல்ல இழுத்தார் எலக்ட்ரீஷியன். சாவி கையோடு வந்துவிட்டது.

"இது எத்தன நாளாங்க?"

"ரொம்ப நாளாவே வருதுங்ணா. வண்டி ஓடுதேன்னு உட்டுட்டேன்."

பட்டறையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாவி வெளியே இருக்கும்போது பூட்டு பின்னோக்கி நழுவினால் ஸ்டீயரிங் தாழ்ப்பாள் விழக்கூடும். வாளையாறு நெடுஞ்சாலையில், இரவில், லோடுடன் அது விழுந்தால் வண்டியைத் திருப்ப வழியே இல்லை. செல்ஃப் எடுக்காதது சின்னக் குறை. பெரிய ஆபத்து இதுதான், அதைப் பற்றி ஓட்டுநர் ஒரு புகாரும் சொல்லவில்லை.

செவ்வாய்

பூட்டின் உருளைக்குள் பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு தகட்டையும் ஒரு குட்டி ஸ்பிரிங் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. சரியான சாவி நுழைந்தால் அதன் வெட்டுகள் எல்லாத் தகடுகளையும் உருளையின் விளிம்போடு சமமாக உள்ளே இழுத்துவிடும். ஒன்று துருத்தினாலும் உருளை திரும்பாது. இந்த வகைச் சாவிகளில் ஒரு வெட்டு ஆழத்துக்கும் அடுத்ததுக்கும் வித்தியாசம் பொதுவாக அரை மில்லிமீட்டர்தான். சாவியில் கொஞ்சம், தகட்டில் கொஞ்சம் என்று தேய்ந்தாலே கணக்கு தவறிவிடும்.

ஓட்டுநரின் சாவி முகத்தில் மேடு பள்ளமே தெரியவில்லை. மென்று துப்பிய கரும்புச் சக்கை போல இருந்தது. விசாரித்ததில் அது மூலச் சாவியே அல்ல. தேய்ந்த சாவியை வைத்து வெட்டிய நகல், அதுவும் தேய்ந்த பிறகு அதை வைத்து வெட்டிய மற்றொரு நகல். சாவி வெட்டும் மெஷின் தன் முன்னால் இருப்பதை அப்படியே பின்பற்றும். தேய்மானத்தையும் சேர்த்தே புதுத் தகட்டில் செதுக்கிக் கொடுக்கும். பளபளப்பான புதுச் சாவி முதல் நாளே கிழடாகப் பிறப்பது இப்படித்தான்.

"ரெண்டாவது சாவி எங்கீங்க?"

வண்டி வாங்கியபோது அது கடன் கொடுத்தவரிடம் போனது. தவணை முடிந்து என்.ஓ.சி.யோடு திரும்பி வந்து, ஆர்.சி. புத்தகத்துடன் வீட்டுப் பீரோவில் கிடந்தது. மதியம் மனைவி கொண்டுவந்து கொடுத்தார். இருபது ஆண்டுக்கு மேல் யாரும் தொடாத அந்தச் சாவியின் வெட்டுகள் கூர்மையாக இருந்தன.

எலக்ட்ரீஷியன் அதை நேரே பூட்டில் போடவில்லை. முதலில் கிளீனர் பக்கத்துக் கதவில் போட்டார். கிளீனர் உள்ளிருந்தே திறந்து பழகியதால் அந்தக் கதவுப் பூட்டு அதிகம் தேயாதது. இரண்டாவது சாவி அதில் வெண்ணெயாகத் திரும்பியது. ஓட்டுநரின் சாவி நுழைந்ததோடு சரி, திரும்பவில்லை. ஆக, ஓட்டுநரின் சாவி உருப்படியில்லை என்பது உறுதி. அடுத்து நல்ல சாவியை ஸ்டீயரிங் பூட்டில் போட்டார். பல தடவை சரியாகத் திரும்பியது, இடையிடையே சிக்கியது. அரை நூல் வெளியே இழுத்துப் பிடித்தால் மறுபடியும் திரும்பியது. உள்ளே தகடுகளும் தேய்ந்திருக்கின்றன என்று அர்த்தம்.

மெக்கானிக் பலர் இந்த நிலையில் உருளைக்குள் எஞ்சின் ஆயில் விடுவார்கள். அன்றைக்குச் சாவி வழுக்கிக்கொண்டு திரும்பும். பிறகு சாலைப் புழுதி அந்த எண்ணெயில் ஒட்டிப் பித்தளையை அரைக்கும் பசையாகிவிடும். பூட்டுக்கு ஏற்றது உலர்ந்த கிராஃபைட் தூள். அதுவும் தேய்ந்துபோன தகட்டை வளர்த்துத் தராது.

புதன்

பூட்டின் குறை தெரிந்துவிட்டது. ஆனால் நல்ல சாவி நன்றாகத் திரும்பிய நேரங்களிலும் செல்ஃப் சில சமயம் 'டக்' என்ற சத்தத்தோடு நின்றுவிட்டது. அப்படியானால் பின்னால் இருக்கும் சுவிட்சையும் விசாரிக்க வேண்டும்.

கியரை நியூட்ரலில் போட்டு, கை பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்தார்கள். செல்ஃப் மோட்டாரின் சோலினாய்டில் 50-ஆம் எண் முனைக்கு பேட்டரியிலிருந்து ஒரு ஒயரைத் தொட்டதும் எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் குற்றமற்றவை. இந்தச் சின்னச் சோதனையைச் செய்யாமல் நல்ல செல்ஃப் மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங்குக்கு அனுப்பிக் காசைக் கரியாக்கியவர்கள் நிறைய.

அடுத்து மீட்டர். சுவிட்சின் பின்னால் இருக்கும் எண்கள் டின் 72552 என்ற ஜெர்மன் தரத்தைச் சேர்ந்தவை. 30 என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது, 15 சாவி ஆன் ஆனதும் உயிர் பெறுவது, 50 செல்ஃபுக்குப் போவது. கிளப்பும் நேரத்தில் 30-இல் 10.8 வோல்ட் நின்றது. 50-இல் 8.1 வோல்ட்தான். இடையில் இருப்பது சுவிட்சின் செம்புத் தொடுமுனை மட்டும், அதுவே 2.7 வோல்ட்டைத் தின்றுவிட்டது. ஆரோக்கியமான சுவிட்சில் இந்த இழப்பு அரை வோல்ட்டைக் கூடத் தாண்டக் கூடாது.

சோலினாய்டு இழுக்கிற கணத்தில் பல பத்து ஆம்பியர் மின்சாரம் இந்தச் சின்னத் தொடுமுனை வழியாகப் பாய்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு பொறி, ஒவ்வொரு பொறிக்கும் கொஞ்சம் கரி. கரி சேரச் சேரத் தடை கூடும், தடை கூடினால் சூடு, சூட்டில் மேலும் கரி. சாக்கெட்டைப் பிடுங்கிப் பார்த்தபோது 30-ஆம் ஒயரைச் சுற்றியிருந்த வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது. டைரக்ட் கேட்ட ஓட்டுநர் அதைக் கையில் வாங்கி வெகு நேரம் பார்த்தார்.

வியாழன்

பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிய பிறகே வேலை தொடங்கியது. ஸ்டீயரிங் பூட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளுக்குத் தலை இருக்காது. இறுக்கும்போதே தலை முறிந்துவிடும்படி செய்யப்பட்டவை, திருடன் கழற்றக் கூடாது என்பதற்காக. சின்ன உளியால் ஓரத்தில் பள்ளம் வெட்டி, இடப்பக்கமாகத் தட்டித் தட்டித்தான் அவற்றை எடுக்க முடிந்தது. பொறுமை கேட்கும் வேலை.

வெளியே வந்த உருளையிலிருந்து தகடுகளை வரிசை மாறாமல் ஒரு துணியில் அடுக்கினார் எலக்ட்ரீஷியன். முன்பக்கத் தகடுகள் அதிகம் தேய்ந்திருந்தன, கடைசித் தகடு ஏறக்குறைய புதிது. சாவி நுழையும்போதும் வரும்போதும் முழு நீளமும் உரசிப் போவது முன் தகடுகளின் மேல்தான். அதோடு ஓட்டுநரின் சாவிக்கொத்தில் வீட்டுச் சாவி, டூல் பாக்ஸ் சாவி, பித்தளை முருகன் டாலர் எல்லாம் தொங்கின. சாலைக் குலுக்கலில் அந்தக் கனம் நாள் முழுக்க உருளையை ஆட்டிக்கொண்டே இருக்கும்.

கொத்தின் கனத்தைச் சாதாரணமாக நினைக்க முடியாது. 2014-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஏறத்தாழ 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்த விவகாரத்தின் மையத்தில் இருந்தது சுவிட்சைத் தன் நிலையில் நிறுத்தும் வலுவில்லாத ஒரு ஸ்பிரிங். கனமான கொத்தோ ஒரு குலுக்கலோ சாவியை நழுவச் செய்தது. எஞ்சின் அணைந்தது, காற்றுப்பை விரியவில்லை. 124 மரணங்களுக்கு அந்த நிறுவனத்தின் இழப்பீட்டு நிதி பொறுப்பேற்றது. பழுது நீக்கும்வரை கொத்தில் சாவியைத் தவிர வேறெதையும் வைக்காதீர்கள் என்று அந்த நிறுவனமே உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

தேய்ந்த தகடுகளை அரம் போட்டுச் சமன்செய்துவிடலாம் என்று பக்கத்துப் பட்டறைக்காரர் யோசனை சொன்னார். அப்படிச் செய்தால் எந்தச் சாவிக்கும் பூட்டு திறக்கும். கதவுப் பூட்டுகளுடன் சேர்ந்த முழு லாக் செட்டே வாங்குவது என்று முடிவானது. புதுச் சாவியைப் பயன்படுத்தும் முன்பே அதிலிருந்து ஒரு நகல் வெட்டி, சாவி எண் பொறித்த தகட்டோடு ஆர்.சி. உறைக்குள் வைத்தார்கள்.

வெள்ளி

பூட்டை ஏற்றியதும் போல்ட்டுகளின் தலையை முறிக்கவில்லை. முதலில் சோதனை. சாவி உள்ளே இருக்கும்வரை தாழ்ப்பாள் வெளியே வருகிறதா, ஆனில் இருக்கும்போது இழுத்தால் சாவி வருகிறதா, ஸ்டார்ட்டிலிருந்து கையை எடுத்ததும் தானாக ஆனுக்குத் திரும்புகிறதா. கடைசிச் சோதனை முக்கியமானது. திரும்பாமல் நின்றால் எஞ்சின் ஓடும்போதும் செல்ஃப் சுழன்று கருகிவிடும். மூன்றும் சரியாக இருந்த பிறகே போல்ட்டுகள் இறுகின.

செல்ஃபுக்கு 70 ஆம்பியர் ரிலே ஒன்றும், பேட்டரிக்கு அருகிலேயே ஒரு ஃப்யூஸும் சேர்த்தார் எலக்ட்ரீஷியன். இனி சோலினாய்டின் சுமையை ரிலே தாங்கும். சாவி சுவிட்ச் வழியாகப் போவது ரிலேயின் சுருளுக்கான மின்சாரம் மட்டும், அது கால் ஆம்பியருக்கும் குறைவு. இதன் செலவு, போன வாடகையில் ஒரு சிறு பகுதிகூட இல்லை. பழைய வண்டிகளுக்கு இதைக் கட்டாயமாகவே செய்யலாம் என்பது இந்தக் கட்டுரையின் கருத்து. மீட்டர் வைத்துப் பார்த்தபோது சுவிட்சில் இழப்பு 0.1 வோல்ட். மாலையில் வண்டி லோடுக்குக் கிளம்பியது. முருகன் டாலர் சாவியை விட்டு டேஷ்போர்டுக்குப் போயிருந்தது.

பழைய 407, 709, லேலண்டு எது வைத்திருந்தாலும் சரி, இன்று வண்டியை நிறுத்தி வைத்து எஞ்சினை ஓடவிட்டு, சாவியை மெல்ல இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் அந்தப் பூட்டை மாற்றும்வரை வண்டியைச் சாலைக்கு எடுக்காதீர்கள். வராவிட்டால், பீரோவில் இருக்கும் இரண்டாவது சாவியைத் தேடி எடுத்து, அதை வைத்து ஒரு நகல் வெட்டிக்கொள்ளுங்கள். தேய்ந்த சாவியை வைத்து வெட்டாதீர்கள்.