நாலு பேரைத் தெரிந்துகொள்ளுங்கள்

பிள்ளைகளே,

வருகிற ஆண்டில் ஜேர்மனியின் வுப்பர்டாலில் ஓட்டக் குழு ஒன்று தொடங்கி, வீடில்லாமல் தெருவில் நிற்பவர்களையும் சேர்த்துக்கொண்டு ஓடப்போவதாகச் சொன்னீர்கள். ஆண்டுத் திட்டத்தையும் எழுதிக் காட்டினீர்கள். வாசித்து மனம் நிறைந்தது. அகதியாக வந்திறங்கிய தலைமுறையின் பிள்ளைகள், தாங்கள் வளர்ந்த ஊரில் நொந்து கிடக்கிறவனைத் திரும்பிப் பார்க்கிறீர்கள். எங்களுக்கு இதைவிடப் பெருமை வேறென்ன?

அந்தத் திட்டத்தைப் பற்றி எனக்குச் சொல்ல ஒரு விசயம் உண்டு. எத்தனை பேருக்கு உதவுவோம் என்ற கணக்கோடு அது தொடங்குகிறது. அந்தப் பக்கத்தைப் பின்னால் வையுங்கள். உங்களில் ஒவ்வொருவரும் யார் யாரை அறிந்து வைத்திருக்கப் போகிறீர்கள் என்பதை முதற்பக்கத்தில் எழுதுங்கள்.

இது இந்த ஊரே செய்து பார்த்த விசயம். இன்றைய வுப்பர்டாலின் பகுதிகளான எல்பர்ஃபெல்டும் பார்மனும் 1929இல் ஒன்றாக்கப்படும்வரை தனித்தனி நகரங்கள். நெசவாலைகளும் சாயப்பட்டறைகளும் வுப்பர் ஆற்றங்கரை முழுக்க நெருக்கியடித்து நின்ற காலத்தில், பணம் பெருகிய வேகத்திலேயே வறுமையும் பெருகியது. பார்மனில் பிறந்தவரும் பின்னாளில் மார்க்ஸின் தோழருமான ஏங்கெல்ஸ் தனது 18ஆவது வயதில், 1839இல், இங்கத்தைய தொழிலாளர் படும் பாட்டைப் பத்திரிகையில் எழுதினார். 1853இல் எல்பர்ஃபெல்ட் நகரசபை ஏழைகளுக்கு உதவும் முறையை அடியோடு மாற்றியது. ஊரைச் சின்னச் சின்ன வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அந்தப் பகுதியிலேயே குடியிருக்கும் ஒருவரைச் சம்பளமில்லாமல் பொறுப்பாக்கியது. ஒருவர் கையில் நாலு குடும்பத்துக்கு மேல் கொடுப்பதில்லை. அவர் அந்த வீடுகளுக்கு நேரில் போக வேண்டும். இரண்டு வாரத்துக்குத்தான் உதவி. பிறகு மறுபடியும் போய்ப் பார்த்து, மற்றப் பொறுப்பாளர்களோடு கூடிப் பேசி, அடுத்த இரண்டு வாரத்துக்கு என்ன செய்வது என்று தீர்மானிக்க வேண்டும். ஜேர்மனியின் பல நகரங்கள் இதைப் பார்த்துத் தாங்களும் எடுத்துக்கொண்டன.

அந்த முறையில் குறையும் இருந்தது. வேலைக்குப் போகாதவனிடம் அது கடுமையாக நடந்துகொண்டது. கொடுக்கிறவர் மேலேயும் வாங்குகிறவர் கீழேயும்தான் இருந்தார்கள். தொழிலாளர் ஊர்விட்டு ஊர் பெயரத் தொடங்கியதும் அது தளர்ந்து, சம்பளத்துக்கு வேலை செய்யும் அலுவலர்கள் வந்தார்கள். ஆனால் ஒரு மனிதனால் உண்மையாகக் கவனிக்கக்கூடியது நாலு வீட்டைத்தான் என்று அவர்கள் கண்டார்களே, அது இன்றைக்கும் சரி. நானூறு பேருக்குப் பாண் கொடுக்கலாம். நானூறு பேர் நேற்று இரவு எங்கே படுத்தார்கள் என்று ஒருவரால் தெரிந்து வைத்திருக்க முடியாது.

உங்கள் ஓட்டத்துக்கு முன்னோடியாக இருப்பது அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் தொடங்கிய ‘பேக் ஆன் மை ஃபீட்’ அமைப்பு. ஆன் மாலம் என்ற இளம்பெண் விடியற்காலையில் ஓடப் போகும்போது வீடற்றோர் விடுதி ஒன்றைக் கடந்து போவார். வாசலில் நிற்கும் ஆண்கள் கையசைப்பார்கள், இவரும் பதில் சொல்வார். நாளடைவில் அது பழக்கமாகிவிட்டது. நான் ஒவ்வொரு நாளும் முன்னால் போகிறேன், இவர்கள் நின்ற இடத்திலேயே நிற்கிறார்களே என்று ஒருநாள் அவருக்கு உறுத்தியது. விடுதிப் பொறுப்பாளரிடம் பேசி, 2007 ஜூலையில் ஒன்பது பேரோடு ஓட்டத்தைத் தொடங்கினார். பின்னர் அது பல நகரங்களுக்குப் பரவியது.

அவர்களின் நடைமுறையைக் கவனமாகப் பாருங்கள். வாரத்தில் மூன்று நாள், காலை ஐந்தரை மணிக்கு ஓட்டம். முதல் 30 நாளில் நூற்றுக்குத் தொண்ணூறு வரவு வைத்தவருக்கு அடுத்த படி திறக்கும். வேலைப் பயிற்சி, பண நிர்வாகம், வீட்டு முற்பணத்துக்கும் வேலைக்கான செலவுக்கும் கைகொடுப்பு எல்லாம் அந்தப் படியில் வரும். எவ்வளவு வேகமாக ஓடினாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. வந்தாயா என்றுதான் கேட்கிறார்கள். லொஸ் ஏஞ்சல்ஸில் கிரெய்க் மிட்செல் என்ற நீதிபதி 2012இல் வீடற்றோர் நிறைந்த ஸ்கிட் ரோ பகுதியில் ஓட்டக் குழு தொடங்கினார். அவர் சிறைக்கு அனுப்பிய ஒருவர் விடுதலையாகி வந்து, தான் தங்கியிருக்கும் விடுதியைப் பார்க்க வரும்படி அழைத்ததில்தான் அது ஆரம்பமானது. நீதிமன்றத்தில் மேடையில் இருந்தவர், காலையில் அந்த விடுதிக்காரர்களோடு அதே தெருவில் வியர்க்க ஓடினார். எல்பர்ஃபெல்டில் இருந்த மேல்கீழ் இங்கே இல்லை.

ஒருவனை இன்னொருவர் எதிர்பார்த்து நிற்பது என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். எண்பதுகளில் நான் ஜேர்மனிக்கு வந்த புதிதில், அகதிகள் விடுதியான ஹைமில் ஒரு அறைக்குள் பல பேராக இருந்தோம். வேலை செய்ய அனுமதி இல்லை. நித்திரையால் எழும்ப ஒரு காரணமும் இல்லை. உடுப்பும் சாமானும் கொண்டுவந்து தந்தவர்கள் பலர். அவர்களை நன்றியோடு நினைக்கிறேன், முகம்தான் நினைவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மட்டும் ஒவ்வொரு சனிக்கிழமையும் பத்து மணிக்கு வந்து எங்களுக்கு ஜேர்மன் படிப்பித்தார். பனி கொட்டினாலும் வந்தார். அவர் வருகிற நாள் என்றபடியால் சனிக்கிழமை காலையில் முகம் மழித்தேன். சேர்ட்டை மெத்தைக்கு அடியில் மடித்து வைத்து மடிப்பெடுத்துப் போட்டேன். ஒரு கிழமை நான் போகாமல் விட்டபோது, அடுத்த கிழமை என் பெயரைச் சொல்லி, ஏன் வரவில்லை என்று கேட்டார். நாட்டை விட்டு வந்த பிறகு நான் வராததைக் கவனித்த முதல் ஆள் அவர்தான். அதற்குப் பிறகு நான் ஒரு சனிக்கிழமையும் தவறவிட்டதில்லை.

இனித் திட்டத்துக்கு வருவோம். ஓடுவதற்குப் பழைய ரயில் தடமான நோர்ட்பான்ட்ராசையைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், நல்லது. மேடும் படிக்கட்டுமாக இருக்கிற இந்த ஊரில் புதிதாக ஓடுகிறவருக்கு அதைவிட ஏற்ற பாதை இல்லை. ரயில் ஓடிய பாதையாதலால் ஏற்றம் மெல்லியது. கைவிடப்பட்டுக் கிடந்த அந்தத் தடத்தை மீட்க வேண்டும் என்று ஊர் மக்கள் 2006இல் சங்கம் அமைத்து, பணம் திரட்டி, நகரசபையோடு மல்லுக்கட்டி, 2014 டிசம்பரில் முழுவதுமாகத் திறந்தார்கள். நீண்டகாலம் வேலையில்லாமல் இருந்தவர்கள் பலர் அதன் கட்டுமானத்தில் உழைத்தார்கள். ஒதுக்கப்பட்ட மனிதர்களின் உழைப்பும் சேர்ந்து உருவான பாதை அது. அங்கே ஓடவரும் எவரையும் அந்நியராக நினைக்காதீர்கள்.

தை, மாசியில் ஓட வேண்டாம், நடவுங்கள். அந்த இரண்டு மாதமும் பாதத்தைப் பாருங்கள். களவு போய்விடும் என்ற பயத்தில் இரவிலும் சப்பாத்தைக் கழற்றாமல் படுப்பவர்கள் பலர். ஈரச் சொக்ஸுக்குள் நாட்கணக்கில் கிடந்த பாதம் ஊறி வெளுத்துத் தோல் உரிந்திருக்கும். அந்தக் காலில் புதுச் சப்பாத்தை மாட்டி ஓடு என்று சொல்வது வதை. முதலில் காய்ந்த சொக்ஸ், பிறகு வைத்தியர், அதன்பிறகு அளவு பார்த்து வாங்கிய சப்பாத்து. ஓடுகிற நேரத்தில் ஓடவந்தவருடைய பையை யார் பார்ப்பார்கள் என்பதையும் திட்டத்தில் எழுதுங்கள். அவருக்குச் சொந்தமான அனைத்தும் அந்தப் பைக்குள் இருக்கிறது. நாய் வைத்திருந்தால் நாயும் கூட வரட்டும். ஓடி முடிந்ததும் குளிக்க இடமும் சூடான கோப்பியும் வேண்டும்.

பங்குனியிலிருந்து வாரத்தில் மூன்று நாள் ஓட்டம், ஒரே இடம், ஒரே நேரம். கோடையில் உங்கள் பரீட்சையும் விடுமுறையும் வரும்போது யார் யாருக்குப் பதிலாக வருவது என்று இப்போதே பெயர் எழுதுங்கள். திட்டங்கள் படுத்துவிடுவது பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். இலையுதிர் காலத்தில் பொது ஓட்டப் போட்டி ஒன்றில் எல்லோரும் ஒரே சட்டை போட்டு ஓடுங்கள். வீடற்றவர் என்று நெஞ்சில் எழுதி எவரையும் காட்சிப்பொருளாக்காதீர்கள். படம் எடுத்து இணையத்தில் போடுவதற்கு முன் படத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

ஓட்டம் கூரை தராது என்பதையும் மறக்கக் கூடாது. மத்திய அரசின் அறிக்கைப்படி, 2024இன் தொடக்கத்தில் ஜேர்மனியில் வீடில்லாதவர்கள் ஏறத்தாழ 5,31,600 பேர். அவர்களில் தெருவிலும் தற்காலிக ஒதுங்கிடங்களிலும் கிடந்தவர்கள் ஏறத்தாழ 47,300 பேர். மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்குமிடங்களிலும், சிலர் தெரிந்தவர்களின் வீட்டிலும் ஒண்டியிருந்தார்கள். 2030க்குள் இதற்கு முடிவு கட்டுவதாக அரசு சொல்லியிருக்கிறது. அதற்கு வீடு கட்ட வேண்டும், அது உங்கள் கையில் இல்லை. ஆனால் முகவரி இல்லாதவருக்கு, உதவிப்பணம் தரும் அலுவலகமான ஜொப்சென்ரரின் கடிதம் வந்து சேராது, கடிதம் சேராவிட்டால் உதவிப்பணம் நிற்கும். வீடற்றோருக்கான ஆலோசனை நிலையங்களில் தபால் முகவரி தருவார்கள். அந்தக் கதவுவரை கூடப் போவது உங்களால் முடியும். ஒரே வேகத்தில் பக்கத்தில் ஓடிவந்த பிள்ளை கூப்பிட்டால் அவரும் வருவார்.

சிலர் நின்றுவிடுவார்கள். சிலர் மறுபடி குடிக்குப் போவார்கள். உங்களைக் கோபித்துக்கொண்டு திட்டுகிறவர்களும் இருப்பார்கள். அவர்கள் திரும்பி வந்தால் விளக்கம் கேட்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். வராதவரைத் தேடிப் போங்கள்.

ஆண்டு முடிவில் நீங்கள் கணக்குக் கொடுக்கும்போது எத்தனை கிலோமீட்டர் ஓடினீர்கள், எத்தனை சோடி சப்பாத்துக் கொடுத்தீர்கள் என்று நான் கேட்க மாட்டேன். உங்களுடைய நாலு பேரும் யார், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேட்பேன். பெயர் சொல்லிப் பதில் தருவீர்கள் என்று நம்புகிறேன். முடியாது என்று தோன்றினால் இரண்டு பேரோடு தொடங்குங்கள். ஆனால் வருகிறேன் என்று சொன்ன நேரத்துக்கு வந்து நில்லுங்கள்.